சவரிமுத்து அண்ணனுக்குக் கேட்ட சேவல்

சவரிமுத்து அண்ணன் போய்விட்டார். இன்று காலை, விழுப்புரம் ஆஸ்பத்திரியில்... சர்க்கரை, கிட்னி, கடைசியில் ஹார்ட்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். அவரைப் பற்றி ஒரு உண்மை எழுத வேண்டியிருக்கிறது. இப்போதும் எழுதாவிட்டால் நான் மனுஷனே இல்லை.

தெரியாத நண்பர்களுக்கு... அண்ணன் திண்டிவனத்தில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றித் தரும் கடை வைத்திருந்தவர். வருஷத்துக்கு ஒரு நாள் ரோமாபுரிச் சேவகன். எங்கள் ஊர்க் கோயிலில் இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகத்தில் காமெடி முழுக்க அவர்தான். டைரக்டர் நான். ஸ்கூல் வாத்தியார் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

1993இல்தான் முதல் தடவை மேடை ஏறினார். கல்லறைக் காவலுக்கு நிற்கும் சேவகன் தூங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் சீன். மனுஷன் மைக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு ஒரு குறட்டை விட்டார் பாருங்கள்... டவுன் பஸ் மயிலம் மேட்டில் ஏறுகிற மாதிரி. கியர் மாற்றினார். நடுவில் ஸ்டாப்பில் நிறுத்தி ஆள் ஏற்றினார். கல்லறைக்குள் இருந்த இயேசு சிரிப்பை அடக்க முடியாமல் அந்த வருஷம் லேட்டாகத்தான் உயிர்த்தெழுந்தார்.

அதற்குப் பிறகு அவர் இல்லாமல் நாடகம் இல்லை. சேவகன், பேய், எல்லாம் அவர். திரைக்குப் பின்னால் கை மைக்கைப் பிடித்துச் சேவல் கூவுவதும் அவர். அவர் கூவினால் பக்கத்துத் தெருச் சேவல் பதில் கூவும், சத்தியமாக.

ஆனால் ஒவ்வொரு வருஷமும் ரிகர்சலுக்கு முன்னால் வந்து நிற்பார்.

"சார், ஒரு தபா எனக்கு அழுவுற வேஷம் குடுங்க சார்."

"நீங்க வந்து நின்னாலே ஜனம் சிரிக்குது. அழுவுற சீன்ல சிரிச்சுட்டா என் மானம் போயிடும்ணே."

"எனக்கும் அழ வரும் சார். யாரும் பாத்ததில்ல, அவ்ளோதான்."

சொல்லிவிட்டுச் சேவகன் டிரஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பதினோரு வருஷம் இப்படி. எனக்கு எவ்வளவு கொழுப்பு பாருங்கள்.

பன்னிரண்டாவது வருஷம் இராயப்பர் வேஷம் போடுகிறவர் துபாய் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. வேண்டாவெறுப்பாக அண்ணனுக்குக் கொடுத்தேன்.

இராயப்பர் தலைமைச் சீடர். இயேசுவைப் பிடித்துப் போனதும் பயந்துபோய், அந்த மனுஷனைத் தெரியவே தெரியாது என்று மூன்று தடவை சொல்வார். உடனே சேவல் கூவும். 'சேவல் கூவுவதற்குள் மூன்று தடவை என்னைத் தெரியாது என்பாய்' என்று இயேசு முன்னாடியே சொன்னது ஞாபகம் வந்து உடைந்து அழுவார். நாடகத்தில் பெரிய அழுகையே அதுதான்.

அண்ணன் தாடியோடு வந்து நின்றதுமே சிரிப்பு. "அண்ணே, கொறட்ட வுடு!" என்று ஒரு குரல். முதல் தடவை "தெரியாது" என்றார், சிரிப்பு. இரண்டாம் தடவை இன்னும் சிரிப்பு. எனக்கு வேர்த்துக் கொட்டியது.

மூன்றாம் தடவையும் சொன்னார். இப்போது சேவல் கூவ வேண்டும்...

கூவவில்லை.

திரும்பிப் பார்க்கிறேன், கை மைக் பெஞ்சுமேல் சும்மா கிடக்கிறது. அதைப் பிடித்துக் கூவுகிற ஆள்தானே மேடையில் நிற்கிறார்! பதில் ஆள் போட நான் அடியோடு மறந்துபோயிருந்தேன். ஓடிப்போய் மைக்கை எடுத்தேன். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

கூட்டத்தில் எவனோ கத்தினான். "அண்ணே, நீயே கூவிடு!"

கூவியிருந்தால் கைதட்டலில் பந்தல் பிய்ந்திருக்கும். வேறு யாராக இருந்தாலும் கூவித் தப்பித்திருப்பார்கள்.

அண்ணன் கூவவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி, கூட்டத்துக்குப் பின்னால் இருக்கும் கரும்புத் தோட்டத்தைப் பார்த்தார். அங்கிருந்து ஏதோ கேட்ட மாதிரி நின்றார். கூட்டமும் திரும்பிப் பார்த்தது. கத்தினவனும் பார்த்தான்.

அப்புறம் அவர் முகம் கலங்கியது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் சத்தமே இல்லாத அழுகை... முன்வரிசையில் ஒரு அம்மா விசும்பினார்கள். நானும் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நாடகம் முடிந்ததும் ஃபாதர் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "கோழியையே கூவ வுடாம... இன்னா டைரக்‌ஷன் சார்!"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. இளித்துக்கொண்டு நின்றேன்.

தேங்காய் எண்ணெய் தடவித் தாடியைப் பிய்த்துக்கொண்டிருந்த அண்ணன் சொன்னார். "ஆமா சாமி. சார்தான் ரிகர்சல்ல சொல்லிக் குடுத்தாரு."

அப்புறம் தனியாகப் போய், "ஏன்ணே அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"வுடுங்க சார், அது ஒரு பேஜாரா? ஜனம் அழுதிச்சா இல்லியா?"

அடுத்த வருஷம் இரண்டு வேஷமும் கேட்டு வாங்கிக்கொண்டார். இராயப்பராக எல்லாரையும் அழவைத்து, கல்லறைச் சீனில் குறட்டை விட்டுச் சிரிக்கவைத்தார். அனந்தபுரம், வளவனூர் என்று எங்கெங்கிருந்தோ கூப்பிட்டார்கள். அவரை நடிக்க... என்னை டைரக்‌ஷனுக்கு. போகிற இடமெல்லாம் 'சேவல் கூவாத சீன் டைரக்டர்' என்று எனக்குச் சால்வை போட்டார்கள். போர்த்திக்கொண்டேன். அண்ணன் கீழே உட்கார்ந்து கைதட்டினார்.

ஒரு மணி நேரத்துக்கு முன்பு அவர் மகள் ஸ்டெல்லா போன் செய்தாள்.

"நாளைக்குக் கோயில்ல அப்பாவப் பத்தி நீங்கதான் ரெண்டு வார்த்த பேசணும் சார். அந்தச் சீன சார்தான் சொல்லிக் குடுத்தாருன்னு அப்பா சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருந்துச்சி."

வீட்டில்கூடச் சொல்லவில்லை, பாவி மனுஷன்.

போனில் "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன். நாளைக்குக் கோயிலிலும் எல்லார் முன்னாலும் சொல்வேன்.

ஸ்டெல்லா, நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லையம்மா. நான் மறந்துபோனேன். அது முழுக்க உங்கள் அப்பா.

ரொம்ப நன்றிண்ணே... போய் வாங்க.