பதினொரு மன்றங்களில் பெயர் கொடுத்தேன்

மலேசியாவின் தஞ்சோங் மாலிமில் பல்கலைக்கழகம் சேர்ந்த முதல் வாரம், பெரிய மண்டபத்தில் மாணவர் மன்றங்கள் மேசை போட்டு ஆள் பிடித்துக்கொண்டிருந்தன. புந்தோங்கில் நான் படித்த பள்ளியில் வலைப்பந்தும் சாரணியரும்தான். இங்கே வில்வித்தை, நாடகம், குகையேற்றம், ஜப்பானிய மொழி! எனக்குத் தலைகால் புரியவில்லை. யார் விண்ணப்பப் பாரத்தை நீட்டினாலும் பெயர் எழுதினேன்.

"பதினொண்ணா? நீ படிக்க வந்தியா, திருவிழா பாக்க வந்தியா?" என்றாள் செமோரிலிருந்து வந்த என் அறைத்தோழி. அவள் எழுதியது படகோட்டம் ஒன்றுதான். என் பதினொன்றிலும் அது இருந்தது.

சனிக்கிழமை காலை பதினொரு மன்றமும் ஒரே நேரத்தில் கூப்பிட்டன. அவள் என் கையைப் பிடித்து ஏரிக்கு இழுத்தாள்.

"எனக்கு நீந்தத் தெரியாதுடி!"

"எனக்கு மட்டும் தெரியுமா? லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்க லா!"

இருவர் உட்காரும் சின்னப் படகு. இரண்டு பேரும் ஒரே பக்கம் துடுப்புப் போட்டோம். படகு பம்பரமாய்ச் சுற்றியது. சிரிப்பை அடக்க முடியாமல் நான் சாய, அவளும் சாய, படகு கவிழ்ந்தது.

"காப்பாத்துங்க!" என்று தமிழிலேயே அலறினேன். பயிற்சி கொடுத்த மலாய் அக்கா, மூன்றாம் ஆண்டு மாணவி, கரையிலிருந்து மலாயில் கத்தினார்: "எழுந்து நில்லு!"

நின்றேன். தண்ணீர் இடுப்பளவுதான்.

அக்கா திட்டவில்லை. அன்றைக்கே எங்கள் இருவர் பெயரையும் பெண்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டார். நீச்சல் குளம், பயிற்சியாளர், பெண்களுக்கென்று தனி நேரம், எல்லாவற்றுக்கும் மாணவர் அட்டை ஒன்றே போதுமாம். மெய்தானா என்று மூன்று முறை கேட்டேன். பிறகு ஈரத் தலையோடு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"மா, இங்க நீச்சல் சொல்லிக் குடுக்குறாங்க!"

"படிப்பு?"

"அதுவும் சொல்லிக் குடுக்குறாங்க மா."

"பெத்தவங்களும் வந்து கத்துக்கலாமா, கேட்டுச் சொல்லு" என்றார்.

மற்ற பத்து மன்றங்களில் நாடகத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். பருவ முடிவில் நானும் அறைத்தோழியும் ஏரியை நேராகக் கடந்தோம். அக்கரைப் புல்லைத் தொட்டதும் அவள் படகிலேயே எழுந்து ஆடத் தொடங்கினாள்.

"உக்காருடி!" என்று கத்திக்கொண்டே நானும் எழுந்தேன்.