அப்பா ஊதிய சுண்ணாம்பு நீர்

பி.எட். படிப்பில் பாடம் நடத்துவதைவிடப் பாடத்திட்டம் எழுதுவதுதான் பெரிய வேலை. நான் என்ன கேட்பேன் என்பதோடு, பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள் என்பதையும் முந்தின நாளே எழுதி வைக்க வேண்டும். நாம் படிப்பது ஆசிரியர் வேலைக்கா, கிளி ஜோசியத்துக்கா என்று எரிச்சலாக வரும். கற்பித்தல் பயிற்சிக்கு எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது. ஏழாம் வகுப்பு, அறிவியல். வீடு இராஜபாளையத்தில். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் மறுநாள் பாடத்தை வீட்டில் ஒரு தரம் நடத்திப் பார்ப்பேன். மாணவர் என் அப்பா.

பேண்டேஜ் துணி நெய்கிற தறியிலேயே ஆயுசைக் கழித்தவர் அவர். மூச்சு இளைப்பு வந்து, வேலையை விட்டு, கட்டிலோடு இருந்தார். நுரையீரல் இனித் தேறாது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை மனதில் வைத்துக்கொண்டேதான் நானும் அம்மாவும் அவர் முன்னால் சிரித்துக்கொண்டு திரிந்தோம். சாப்பிடக்கூட எழுந்து உட்கார யோசிக்கிறவர், என் பாடத்துக்கு மட்டும் தலையணையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்துவிடுவார். பதில் தெரிந்தால் கை வேறு தூக்குவார். தெரியாவிட்டாலும் தூக்குவார்.

திண்மம், திரவம், வாயு நடத்திய அன்று, வாயுவை காஸ் என்றும் சொல்வோம் என்று விளக்கிவிட்டு, காஸுக்கு ஓர் எடுத்துக்காட்டு கேட்டேன்.

“கட்டுத்துணி, டீச்சர்” என்றார்.

எங்கள் ஊரில் காஸ் என்றால் காயத்துக்கு வைத்துக் கட்டுகிற அந்தச் சல்லடைத் துணிதான். அடுப்புக்கு வருவது சிலிண்டர். அப்பா கையால் எத்தனை ஆஸ்பத்திரிக்கு காஸ் போயிருக்குமோ, அவரிடம் போய் இது தப்பு என்று எப்படிச் சொல்ல? மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றோடு அப்பா அந்த வகுப்பில் சேர்ந்துவிட்டார். நான் உள்ளே நுழையும்போதே, நேற்று உங்கள் அப்பா என்ன பதில் சொன்னார் என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதல் பெஞ்சில் ரெட்டைச் சடை போட்ட ஒரு வாயாடிப் பெண் இருந்தாள். அவர் சொன்னது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்வது அவள் வேலை. அதை நான் வீட்டில் வந்து சொல்ல வேண்டும். பெயிலாகிற நாளில் அப்பாவுக்கு முகம் இன்னும் மலரும்.

சுவாசித்தல் பாடம் வந்தது. அதை மட்டும் வீட்டில் நடத்தாமல் நழுவினேன். நுரையீரல் படம் வரைந்த சார்ட்டைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். வகுப்பில் சோதனை நன்றாக நடந்தது. தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஸ்ட்ராவை விட்டு ஊதினால், நம் மூச்சில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு பட்டு நீர் பால் மாதிரி மாறும். எல்லாரும் ஊதினார்கள். ஊதாமல் மிச்சமிருந்த தெளிந்த நீரை அந்த வாயாடி ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி, ஒரு ஸ்ட்ராவோடு என்னிடம் நீட்டினாள். உங்கள் அப்பாவும் ஊதட்டும், என்ன ஆச்சு என்று நாளைக்கு வந்து சொல்லுங்கள் என்றாள். அப்பாவுக்கு மூச்சில்தான் வியாதி என்று அந்தப் பிள்ளைகளிடம் நான் சொன்னதே இல்லை. வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வெளியே எடுக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. அம்மா டிபன் பாக்ஸைத் தேடும்போது பாட்டில் வந்துவிட்டது. அப்பா விடவில்லை, பிள்ளைகள் கொடுத்துவிட்டதாயிற்றே என்றார். நீரை ஊற்றிய கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஸ்ட்ராவில் ஊதினார். ஒரு குமிழி வந்தது. இருமல் பிடித்துக்கொண்டது. அம்மா முதுகைத் தடவினாள். மறுபடி ஊதினார். போதும்ப்பா என்று டம்ளரைப் பிடித்து இழுத்தேன், தரவில்லை. தண்ணீர் வைத்தது வைத்தபடி தெளிவாக இருந்தது. அதையே செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பால் மாதிரி ஆயிட்டுன்னு பிள்ளைககிட்ட சொல்லிரு தாயி” என்றார்.

எனக்கு அழுகை கோபமாகத்தான் வரும். “கண்ணால பாத்ததத்தான்ப்பா சொல்லணும். அதான் அறிவியல்” என்றேன்.

டீச்சர் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். விடிகிற நேரத்தில் இளைப்பு கூடிப்போய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அப்பா வீட்டுக்கு உயிரோடு திரும்பவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, விடுபட்ட நாட்களை ஈடுகட்ட மறுபடி பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் லீவு என்று மட்டும்தான் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார்கள். நான் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் மட்டும் உட்காரவில்லை.

“டீச்சர், உங்க அப்பா ஊதுனாங்களா? பால் மாதிரி ஆச்சா?”

கடைசி பெஞ்சில் என்னைக் கவனிக்க உட்கார்ந்திருந்த வகுப்பாசிரியைக்கு விஷயம் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வகுப்பு முழுக்க என் வாயையே பார்த்தது.

“ஆச்சு” என்றேன். “நல்லா வெள்ளையா ஆச்சு.”

கை தட்டினார்கள். தேதி எழுதுகிற சாக்கில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். சாக்பீஸ் கையில் இருந்தது. அன்று என்ன தேதி என்று எனக்குத் தெரியவில்லை.

“அப்பொ உங்க அப்பா பாஸு, டீச்சர்” என்று அவள் சொல்வது கேட்டது.