தானாக உருண்ட விரல்

போன சனிக்கிழமை கீரி என்ற கடற்கரை ஊருக்குப் போயிருந்தேன். யேசுதாசன் அண்ணன் வீட்டுக் கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி ரெஜினா அக்கா. எனக்குத் திகைப்பு... இந்த மனிதரோடு இனி இருக்கவே முடியாது என்று சொல்லி, பேசாலையில் தங்கை வீட்டுக்குப் போய் மாதக்கணக்காகியிருந்ததே!

"என்ன தம்பி, முழுசுறீங்கள்? உள்ளுக்கு வாங்கோ" என்றார்.

அக்கா கோபித்துக்கொண்டு போனதில் நியாயம் இருந்தது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து அலைந்து ஊர் திரும்பி, எல்லாரும் வலையும் வள்ளமுமாக ஓடத் தொடங்கியபோது, அண்ணன் மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. பேச்சுக் குறைந்தது. சிரிப்பு நின்றது. ஒருநாள் கெட்டுப்போன மீனைக் கறிக்கென்று கொண்டுவந்து கொடுத்தார்.

"கடற்கரையில பிறந்த மனுசனுக்கு மீன் நாறுறது தெரியாதாம்! என்னில அக்கறை இருந்தா இப்பிடிச் செய்வாரோ?" என்று அக்கா அன்று என்னிடம் அழுதார்.

அதைவிடப் பெரிய விஷயம், தூக்கத்தில் கத்துவார், குத்துவார். ஒரு காலையில் அக்கா வீங்கிய கன்னத்தோடு கிணற்றடிக்கு வர, ஊர் பார்த்துவிட்டது.

ஊர் என்ன சொல்லும்? "சண்டைக்குள்ள கிடந்து வந்த மனுசன். அப்பிடித்தான்." நானும் அதைத்தான் சொன்னேன். சொன்னதோடு நின்றேனா? பத்திரிகையில் நான் எழுதும் இதே பத்தியில், அண்ணனின் பேர் போடாமல் எழுதியும் வைத்தேன். உருக்கமாக இருந்தது என்று நீங்களும் கடிதம் போட்டீர்கள்!

அண்ணனின் விளக்கம் வேறு. தலையான பாவங்கள் ஏழில் ஒன்று சோம்பல் அல்லவா? நேரே கோயில் சுவாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டார். சோம்பேறியாகிப் போனேன், பெண்சாதியை அடித்தேன் என்று. தினமும் செபமாலை சொல்லும்படி சுவாமி அனுப்பினாராம். அவர் மன்னிப்புக் கேட்டு நின்றது ஒரு நோய்க்காக என்று அப்போது யாருக்குத் தெரியும்?

போன மாதம், காலமான உறவினர் ஒருவரின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு அக்கா கீரிக்கு வந்திருக்கிறார். பெண்கள் பக்கமிருந்து தற்செயலாகத் திரும்பினால், அண்ணன் வலக்கையை மடியில் வைத்தபடி இருக்கிறார். பெருவிரலும் சுட்டுவிரலும் மணி உருட்டுகின்றன. பூசை முடிந்தது, சனம் கலைந்தது... விரல் நிற்கவில்லை. தான் திரும்பி வரவேண்டும் என்றுதான் மனுசன் விடாமல் செபிக்கிறார் என்று அக்காவுக்கு மனம் இளகிவிட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால், கையில் செபமாலையே இல்லை!

"விரலை நிப்பாட்டுங்கோ எண்டன் தம்பி. அவரால நிப்பாட்ட ஏலேல்ல."

அடுத்த நாளே ஆஸ்பத்திரி. பார்க்கின்சன் என்றார் டொக்டர். மணம் தெரியாதது, தூக்கத்தில் கைகால் வீசியது, ஒன்றிலும் மனம் ஒட்டாதது, மனதில் இருப்பது முகத்தில் தெரியாமல் போனது, வெட்கத்தில் அண்ணன் வெளியே சொல்லாத மலச்சிக்கல் — எல்லாம் அதே நோயின் வேலையாம். நடுக்கம் தொடங்கப் பல வருடம் முந்தியே இவை வந்துவிடக் கூடுமாம்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. யுத்தம் செய்த அநியாயங்கள் கொஞ்சநஞ்சமா? அதற்காக எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிட்டு, எதிரே இருக்கும் ஆளைப் பார்க்காமல் விட்டால் எப்படி?

மருந்துக்கு நடுக்கம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. மணம் திரும்பவில்லை. மீனை இப்போது அக்காதான் மணந்து பார்த்து வாங்குகிறார். படுப்பது தனித்தனிக் கட்டிலில் — கோபத்தால் அல்ல, டொக்டர் சொன்ன பாதுகாப்பு.

"எனக்காகச் செபிக்கிறார் எண்டு நம்பியெல்லோ கிட்டப் போனனான்" என்று அக்கா சிரித்தார். "கடைசியில பாத்தா, நடுக்கம்!"

கதிரையிலிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது.

"செபிச்சதும் உண்மைதான்."

முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அக்கா இந்தத் தடவை முகத்தை நம்பவில்லை.