பட்டினி கிடக்காத எலிகள்

ஆய்வகத்தில் அவரை எல்லோரும் எலியம்மா என்றே அழைத்தனர். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் கேட்டுவந்த கேள்வி ஒன்றுதான்: ஒரே அளவு பருத்த இரண்டு உடல்களில் ஒன்றுக்கு மட்டும் நீரிழிவு வருவது ஏன்?

ஞாயிறுதோறும் அவருடைய அண்ணன் வருவார். இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்காருவார்.

“உன் எலிங்க எப்படி இருக்கு? என்னை விட இளைச்சிருச்சா?”

“உன்னை மாதிரிதான் உருண்டையா இருக்கு அண்ணா. ஆனா ஒரு வகைக்குச் சர்க்கரை ஏறவே மாட்டேங்குது.”

“அந்த வகையில எனக்கும் ஒரு இடம் பார்த்து வை.”

அந்த வகையைப் பற்றிய கட்டுரை வெளியாகி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஆறாண்டு உழைப்பு. வெளிநாடுகளிலும் அதை நம்பிச் சோதனைகள் தொடங்கியிருந்தன.

அப்போதுதான் கூண்டுகளைத் துப்புரவு செய்யும் பெண் கேட்டார்: “பட்டினி போட்டிருக்குன்னு சொல்றீங்க மேடம். இதுங்க வாய் என்னமோ மென்னுக்கிட்டே இருக்கே?”

ரத்தம் எடுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பே தீனியை அகற்றிவிடுவது வழக்கம். எலியம்மா குனிந்து பார்த்தார். நீரிழிவு கண்ட எலிகள் தம் படுக்கையைத் தின்றுகொண்டிருந்தன. அவற்றின் கூண்டுகளில் பரப்பியிருந்தது மக்காச்சோளத் தக்கைத் துகள். சர்க்கரை ஏறாத மற்ற வகைக்கு, தின்ன முடியாத மரச்சீவல். இரண்டு வகை எலிகளும் வெவ்வேறு பண்ணைகளிலிருந்து வந்தவை. பழகிய படுக்கையை மாற்ற வேண்டாம் என்று முடிவெடுத்தவர் அவரேதான்.

தின்றால் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தானே செய்யும்? அப்படியானால், தாம் கண்ட வேறுபாடு உடலில் இருந்ததா, படுக்கையில் இருந்ததா?

“திரும்பச் செஞ்சு பார்த்துட்டு அப்புறம் சொல்லலாமே மேடம்” என்றார் துணை ஆய்வாளர்.

“அதுவரைக்கும் இதை நம்பி எத்தனை பேர் வருஷத்தைத் தொலைப்பாங்க?”

அன்று மதியமே கட்டுரையை வெளியிட்ட இதழுக்குக் கடிதம் போயிற்று: முடிவை நம்ப வேண்டாம், பிழை என்னுடையது.

எல்லாக் கூண்டுகளிலும் மரச்சீவலைப் பரப்பி, ஐந்து மாதங்கள் மீண்டும் அளந்தார். வேறுபாடு பாதியாகச் சுருங்கியது, ஆனால் மறையவில்லை. எடையில் ஒரு கிராமும் பிசகாத இரண்டு எலிகளின் ஈரல்களை அருகருகே வைத்துப் பார்த்தார். நீரிழிவு கண்டதன் ஈரல் கொழுப்பேறி மஞ்சளித்திருந்தது. மற்றதன் ஈரல் கருஞ்சிவப்பாய்ப் பளபளத்தது. உள்ளங்கையில் அடங்கும் அந்த உடல், கொழுப்பையெல்லாம் தோலுக்கடியில் ஒதுக்கி, ஈரலைத் தொடவிடாமல் காப்பாற்றியிருந்தது. யார் சொல்லிக்கொடுத்தது அதற்கு?

ஞாயிறன்று அண்ணன் மெல்லக் கேட்டார்: “மொத்தமும் போச்சா?”

“பாதி போச்சு. மீதி நிஜம்.”

“அது போதுமா உனக்கு?”

“அதைப் புரிஞ்சுக்கவே என் ஆயுசு பத்தாது அண்ணா. அந்த ஈரலை நீ பார்த்திருக்கணும்.”

“சாப்பிட்டு முடிச்சிடறேன், அப்புறம் சொல்லு” என்றார் அண்ணன்.