டெல்லிக்குக் கொண்டுபோன நான்கு குப்பிகள்

அன்று ரகுவிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: குப்பிகள் கண்ணாடி என்றாலும், உள்ளே இருந்த சாறு அதற்கு முன் ஆறு மாதம் பிளாஸ்டிக் குழாய்களில் கிடந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று திரும்பும் வழியெல்லாம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் கேட்கத்தான் செய்தார்.

2006 ஜனவரி. சென்னையில் முனைவர் பட்டத்துக்காக ஒரு காட்டுக்கொடியின் இலைச்சாற்றை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அதிலிருந்த ஒரு பொருளின் நிறையை எங்கள் துறையின் பழைய கருவி 391 என்று முழு எண்ணாக மட்டுமே காட்டியது. இதுவரை யாரும் பதிவு செய்யாத பொருள் என்று நம்பி, ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே எழுதிவிட்டேன். உறுதிசெய்ய, புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் காட்டும் கருவி வேண்டும். சாற்றிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பிரிந்து வரும் மூலக்கூறை அங்கேயே எடைபோடும் கருவி. டெல்லியில் ஒரு ஆய்வகம் வெளியாருக்கும் நேரம் ஒதுக்கியது. குப்பிக்கு 800 ரூபாய்.

ரயிலில் 33 மணி நேரம். மூடுபனியால் இன்னும் நான்கு. மடியில் பனிக்கட்டி நிரப்பிய தெர்மோகோல் பெட்டி, உள்ளே குப்பிகள். நிலையத்திலிருந்து கிட்வாய் நகர் சுமார் ஒன்பது கிலோமீட்டர். 120 கேட்ட ஆட்டோக்காரர் 80க்கு இறங்கி வந்தார். பெட்டியைப் பார்த்து, "மச்லி?" என்றார். மீன் இல்லை, இலைச்சாறு என்றேன் அரைகுறை இந்தியில்.

"மருந்தா?"

"இன்னும் தெரியாது, அண்ணா."

"என்னவென்றே தெரியாத சரக்கையா மதராஸிலிருந்து தூக்கி வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு, இறங்கும்வரை சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

கிட்வாய் நகரில் சித்தியின் அரசுக் குடியிருப்பில் தங்கினேன். "ஃபிரிட்ஜுல என் தோசைமாவு பக்கத்துல அதை வைக்காதடி," என்றார் சித்தி. பால்கனியில் வைத்தேன். ஜனவரி டெல்லியில் அந்தக் குளிரே போதும்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஆய்வகம். கருவியை இயக்கும் ரகு டெல்லியில் பிறந்தவர். வீட்டுத் திருநெல்வேலித் தமிழில் இந்தி கலந்து பேசினார். "சாறு பிளாஸ்டிக்ல எங்கயும் பட்டுச்சா மேடம்?" என்றார். "கண்ணாடிதான்," என்று குப்பிகளைக் காட்டினேன்.

11.20க்குத் திரையில் அந்தக் கோடு எழுந்தது. நான் எழுதிவைத்திருந்த மூலக்கூறு வாய்பாட்டுக்கு 391.2227 வரவேண்டும். வந்தது 391.2843. ஹைட்ரஜனின் எடை சரியாக ஒன்று இல்லை, துளி கூடுதல் என்று எப்போதோ படித்திருக்கிறேன். அந்தத் துளிகள் சேர்ந்து, ஒரே எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு பொருள்களைப் பிரித்துக் காட்டுவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

"அச்சா, இவரா? நம்ம பழைய ஆளுல்லா," என்றார் ரகு. "வாரத்துக்கு ரெண்டு தடவை வருவாரு."

"யாரு?"

"பிளாஸ்டிக் வளையறதுக்குச் சேர்க்கிற எண்ணெய். உங்க சாறு கண்ணாடியிலதான இருந்துச்சு? அப்ப நம்ம மெஷின்லதான் அழுக்கு இருக்கும்."

சாப்பிடக்கூடப் போகாமல் இரண்டு மணி நேரம் கருவியைக் கழுவினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சாறு சேர்க்காமல், கரைப்பானான மெத்தனாலை மட்டும் ஓட்டினார். திரையில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. என் குப்பியை மறுபடி வைத்தார். 391.2843. கடைசி இலக்கம்கூட அசையவில்லை.

"மெஷின் சுத்தமாத்தான் இருக்கு மேடம்," என்றார்.

அவமானம்தான். ஆனால் அதைவிட வியப்பு பெரிதாக இருந்தது. ஒரு குழாயின் சுவரிலிருந்து கசிந்த, கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய். நான் அதற்கு வேறு பெயர் வைத்து, அத்தியாயம் எழுதி, 2,180 கிலோமீட்டர் சுமந்து வந்திருந்தேன். அதன் எடை மட்டும் மாறவே இல்லை. என் ஆசையோ என் மௌனமோ நான்காவது இலக்கத்தைத் தொடக்கூட முடியாது என்பதில் ஏனோ ஒரு நிம்மதியும் இருந்தது.

மாதிரிகளோடு போகிறவர்களுக்கு: கட்டணத்தை டிமாண்ட் டிராஃப்டாக எடுத்துப் போங்கள், ரொக்கம் வாங்கமாட்டார்கள். ஜனவரியில் ரயில் தாமதத்துக்கு ஒரு நாள் கூடுதலாக வையுங்கள். சாறே கலக்காத வெறும் கரைப்பானையும் ஒரு குப்பியில் கொண்டுபோங்கள். குப்பியின் கதையை முழுவதும் சொல்லிவிடுங்கள். கருவியை இயக்குபவரின் மதிய உணவாவது மிஞ்சும்.

மார்ச்சில் புதிய இலைகளிலிருந்து, கண்ணாடியை மட்டும் பயன்படுத்தி மறுபடி சாறெடுத்தேன். 391 வரவில்லை. அந்த அத்தியாயத்தை நீக்கினேன். பட்டம் ஓராண்டு தள்ளிப்போனது.