தொடாமல் திரும்பிய சோறு

புருஷன் மவுத்தானதிலிருந்து லத்தீபா இத்தா இருக்கிறாள். வீட்டை விட்டு இறங்கக்கூடாது, அந்நிய ஆண் முகம் பார்க்கக்கூடாது. அழக்கூடாது என்று மட்டும் எந்தக் கிதாபிலும் இல்லை. ஆனாலும் அவள் அழவில்லை. மய்யித்தைத் தூக்கியபோதும் இல்லை, மூன்றாம் நாள் பாத்திஹா ஓதியபோதும் இல்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? துக்கம் கேட்க மாடியேறி வந்த, ரங்கூன் லான்மடாவ் பேட்டைப் பெண்கள், அவளுடைய காய்ந்த கண்ணைப் பார்த்துவிட்டு, படியிறங்கும்போதே பேச ஆரம்பித்தார்கள். அவர்களுக்கென்ன தெரியும்! அழுகை வராதது அவளுக்கே பயமாகத்தான் இருந்தது. கிள்ளினால்கூட வலிக்காது போலிருந்தது.

கை மட்டும் ஓடியது. கொரியக் கடை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மதியச் சாப்பாடு கட்டிக்கொடுப்பது அவள் வேலை. அந்தக் காலத்தில் கொரியப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் கொண்டுபோன மாதிரி மஞ்சள் தகர டப்பா. உள்ளே சோறு, ஓரத்தில் கிம்ச்சி என்கிற கோஸ் ஊறுகாய், சர்க்கரைப் பாகில் புரட்டிய நெத்திலி, மேலே ஒரு பொரித்த முட்டை. மூடிக் குலுக்கித் தின்பார்களாம். நெத்திலிக்குச் சர்க்கரையா என்று முகம் சுளித்தவள்தான். பிறகு அவள் கைப்பக்குவத்துக்கென்றே ஆள் சேர்ந்தது. பன்றி சேர்ந்ததெல்லாம் கடையோடு சரி, இவள் அடுப்புக்கு வராது.

கட்டிய டப்பாக்களைக் கூடையில் வைத்து, பால்கனியிலிருந்து கயிற்றில் இறக்குவாள். கீழே புருஷன் அப்துல் ரவூப் நிற்பார். கம்பெனி கம்பெனியாக ஏறிக் கொடுத்துவிட்டு வெறும் டப்பாக்களோடு திரும்புவார். ஒரு நாள் மின்சாரம் போய் லிப்ட் நின்றிருந்த கட்டடத்தில் படியேறும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இப்போது நாத்தனார் ருக்சானா கொண்டுபோகிறாள். வேறு ஆள் பார்க்கட்டுமா என்று, சயாமா என்று இவர்கள் கூப்பிடும் கடைக்காரக் கொரிய அம்மாள் கேட்டதற்கு லத்தீபா வேண்டாமென்றாள். இந்த வேலையும் போனால் காலையில் எழுந்திருக்க அவளுக்கு வேறு காரணமில்லை.

அன்று ருக்சானா ஒரு டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். மூடி இல்லை. சோறு குறையவில்லை. நடுவில் கரண்டி நட்டுக்குத்தலாக நின்றது.

"மச்சி, நாலாம் மாடி கொரியப் பெரியவர் தொடவே இல்ல. ஊருக்குப் போயிட்டு இன்னைக்குத்தான் வந்திருக்காரு. அண்ணன் எங்கன்னு கேட்டாரு, சொன்னேன். உள்ள போயி இப்படிக் குத்திக் கொண்டாந்து குடுத்துட்டாரு. சாயாம கொண்டுபோன்னு ஜாடை காட்டுறாரு."

ஆண்டுக்கணக்காக ஒரு பருக்கை மிச்சம் வைக்காத மனிதர். லத்தீபா நெத்திலியை முகர்ந்து பார்த்தாள், முட்டையைப் புரட்டிப் பார்த்தாள். குற்றமில்லை. அப்படியானால் குற்றம் கையில்தான்.

"தாலியில்லாதவ கைச்சோறு ஆகாதுன்னு நெனச்சிட்டாரு. கடையில சொல்லிருவாரு. சயாமாவுக்கு நீயே முந்திப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டுரு."

ருக்சானா கடைக்கார அம்மாளிடம் பர்மிய மொழியில் கெஞ்சினாள். பிறகு அந்த அம்மாள் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். போனை வைத்தபோது குரல் இறங்கியிருந்தது.

"கோவமில்லையாம் மச்சி. அவங்க ஊருல மவுத்தானவங்களுக்குச் சோறு வச்சா, இப்படித்தான் கரண்டியக் குத்தி வைப்பாங்களாம். இந்தா சாப்புடுங்கன்னு அர்த்தமாம். தன் சாப்பாட்ட அண்ணனுக்கு வச்சிருக்காரு." டப்பாவுக்குக் கை நீட்டினாள்: "நம்மள்ல இதெல்லாம் கூடாது. குடுங்க, கீழ நாய்க்குப் போட்டுர்றேன்."

லத்தீபா டப்பாவை விடவில்லை.

"எல்லாருக்கும் குடுத்துட்டு வந்துதான் அவரு வாயில சோறு வைப்பாரு" என்றாள். "அன்னைக்கு வெறும் வயிறு. ஊரு சோத்தச் சுமந்துக்கிட்டுப் பசியோட போயிட்டாரு, ருக்சானா. வந்த சனம் அத்தனையும் எப்படிப் போனாருன்னுதான் கேட்டுச்சு. சாப்பிட்டாரான்னு ஒருத்தரும் கேக்கலையே."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.