மூடாத இலை

விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் விசாலாட்சி சாம்பாரில் உப்புப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுகிறாராம். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்கு வெற்றிலை வாங்கப் போனவர்கள் சுண்ணாம்போடு சேர்த்து வாங்கிவந்த செய்தி இது. தெம்பனிஸ் போய்ச் சேர்வதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிட்டது. "தான் சமைச்சத தானே தொடமாட்டாங்களாம் லா. உள்ள என்னத்த போடறாங்களோ!"

சரிபார்க்கப் போனால், அவர் துப்பவில்லை. தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றில் வாடகைக்கு எடுத்த சமையற்கூடத்தில் நின்றுகொண்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கி, கண்ணை மூடி, "புளி தூக்குது" என்கிறார். முன்பெல்லாம் ஒரு கிண்ணம் சாம்பாரும் துணைக்கு ஓரிரு வடைகளும் இல்லாமல் அவருக்கு உப்புத் தெரிந்ததே இல்லை.

மாற்றத்துக்குக் காரணம் அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் முட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் எடை குறைப்பு ஊசி. பார்த்தால் பேனா மாதிரி இருக்கும். சர்க்கரையும் முழங்காலும் கூட்டுச் சேர்ந்து மிரட்டியதால் மருத்துவர் எழுதிக் கொடுத்தது. "அடுப்பு முன்னால இன்னும் கொஞ்ச வருஷம் நிக்கணும். அதுக்குத்தான். அழகுக்கு இல்ல" என்பார். அழகைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முதல் பேனாவை உறைபெட்டியில் வைத்தார். மீனைக் காப்பாற்றும் இடம் மருந்தைக் காப்பாற்றாதா என்பது சமையல்காரர் கணக்கு. உருகிய பிறகு மருந்து புதிதாகத்தான் தெரிந்தது. ஆனால் உறைந்ததைப் போடக்கூடாது என்று மருந்தகத்தில் சொன்னதும், விலையை நினைத்துப் பெருமூச்சு விட்டபடி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து மருந்து விஷயத்தில் கைப்பக்குவம் கிடையாது. வயிற்றில் ஒரு வாரம் இந்தப் பக்கம், மறுவாரம் அந்தப் பக்கம். கழற்றிய ஊசி முனை கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போகும். பசி இல்லாவிட்டாலும் முட்டையும் பருப்பும் உள்ளே போகும். எடை மெதுவாக இறங்குகிறதே என்று அளவைத் தானே கூட்டுவதில்லை.

பாத்திரம் தேய்க்கும் சுதாவுக்கு இதெல்லாம் கஞ்சத்தனமாகத் தெரிந்தது.

"அக்கா, எனக்கும் ஒரே ஒரு தடவ லா. ஊசி முனைய மாத்திக்கலாம்."

"உன் பல் பிரஷ்ஷ எனக்குக் குடுப்பியாடி? முனைய மாத்தினா மட்டும்? என் ரத்தம் பேனாக்குள்ள திரும்பியிருக்கும். டாக்டர்கிட்ட போ. உனக்கு ஆகுமா ஆகாதான்னு அவர் சொல்லட்டும்."

சுதா அன்று அண்டாவைக் கொஞ்சம் சத்தமாகத் தேய்த்தார்.

நிற்க, வதந்தி ராமலிங்கத்தின் காதுக்கும் போயிற்று. மகள் நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் விசாலாட்சியிடம்தான் சமையல் என்று பேசியிருந்தவர் அவர். "நிச்சயதார்த்தத்துல கடைசிப் பந்தியில எல்லார் முன்னாடியும் உக்காந்து முழு இலை சாப்பிடும்மா. இல்லன்னா கல்யாணத்துக்கு வேற ஆள் பாக்கறேன்" என்றார். சமையல்காரர் கடைசிப் பந்தியில் உட்காருவது மரியாதை மட்டுமல்ல, சாப்பாட்டுக்கான ஜாமீனும்கூட.

மருந்து ஆரம்பித்த புதிதில் இன்னொரு வீட்டில் அப்படி உட்கார்ந்து, பாயசம்வரை விழுங்கி, வாந்தி நிற்காமல் மருத்துவமனையில் நரம்பு வழியாகத் தண்ணீர் ஏற்றிக்கொண்டவர் விசாலாட்சி.

"இந்த வாரம் ஊசிய விட்டுடுங்கக்கா" என்றார் சுதா.

"விட்டு விட்டுப் போட இது உண்டியல் காசா?"

நிச்சயதார்த்தத்தன்று உட்கார்ந்தார். சாதத்தை ஒரு கைப்பிடியோடு நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு கூட்டும் ஒவ்வொரு விரல்நுனி. மெதுவாக மென்றார். இலையில் பாதி பச்சையாகவே இருந்தது. ராமலிங்கம் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னம்மா, உன் சமையல் உனக்கே இறங்கலயா?"

"இறங்குது அண்ணே. கொஞ்சமாத்தான் இறங்கும். ஊசி போடறேன், உடம்பு குறைய. டாக்டர் குடுத்தது. வயித்துக்கு மேல திணிச்சா உங்க வீட்டு விசேஷத்துல நான் ஆம்புலன்ஸ்ல போவேன். ஆர்டர் போனா போகட்டும்."

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சாப்பாட்டில் என்ன கலக்கிறார் என்று முந்தாநாள்வரை கவலைப்பட்ட பெண்கள் நாற்காலிகளை அவர் பக்கம் இழுத்தார்கள். "எந்த ஊசிக்கா? டெலிகிராம்ல சீப்பா வருதே, அதுவா?"

"அதுல என்ன தண்ணி இருக்குன்னு வித்தவனுக்கே தெரியாது. டாக்டர்கிட்ட போங்க. உள்ள நோவு எதுவும் மறைக்காம சொல்லுங்க. அடிவயிறோ மேல்வயிறோ விடாம வலிச்சா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. இப்ப ரசம் வேணுமா?"

ராமலிங்கம் தாடையைச் சொறிந்தார். "சரி, கல்யாணத்துக்கும் நீயே சமை. ஆனா எனக்கு ஒரு முழு இலை பாக்கி, ஞாபகம் வச்சுக்க லா."

"பாக்கிதான் அண்ணே. எப்ப தீரும்னு டாக்டரத்தான் கேக்கணும்."

எழுந்தபோது வழக்கம்போல இலையை மூடப் போன கை, பாக்கி ஞாபகம் வந்து பாதியில் நின்றது. மின்விசிறிக் காற்றில் நுனி இலை படபடத்தது. மூடாத இலையின் மேல் தண்ணீர்க் குவளையைப் பாரமாக வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.